மோவாயும் மலையும்

1

மவுண்ட் ரோட்டுக்கு அண்ணா சாலை என்று பெயர் வைத்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்றும் ஷேர் ஆட்டோவில் ஏறினால் 'மவுண்ட் ரோடா சார்?' என்றுதான் கேட்கிறார்கள். அந்த மவுண்ட் பரங்கிமலை. சுமார் 300 அடி உயரம். கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகும் ரோடு என்பதால் மவுண்ட் ரோடு. ஆங்கிலத்துக்கு மவுண்ட் என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் அது மோன்ஸ். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் டைபர் ஆற்றங்கரையில் புழங்கிய ஒரு சொல்லைத்தான் ஆட்டோக்காரர் தினமும் கூவிக்கொண்டிருக்கிறார்.

அந்த ரோட்டில் ஒரு டீக்கடையில், போன வருஷம், வேலையை விட்டுப் போகிற ஒரு பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என் டீமில் இருந்தவன். பெயர் வேண்டாம். இந்தச் சொல்லைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு அவன்தான் காரணம்.

அதற்கு ஒன்றரை மாதம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்களுக்கு ரிலீஸ் இருந்தது. அவன் தவறுதலாக ஒரு டேபிளை அழித்துவிட்டான். பேக்கப் இருந்தது, திரும்ப எடுத்துவிடலாம். நான் என் இடத்திலிருந்து எழுந்து போய் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். நாற்காலியின் முதுகில் ஒரு கை. ஒன்றும் பேசவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு. இருபது நிமிஷம் அப்படியே நின்றேன். அவன் ஒரு கமாண்டைத் தப்பாக அடித்தான், அழித்தான், மறுபடியும் அதே தப்பை அடித்தான். கழுத்தின் பின்பக்கம் வேர்த்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் 'எழுந்திரு, நான் பாக்கறேன்' என்றேன். பத்தே நிமிஷத்தில் வேலை முடிந்தது. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

அவன் பேப்பர் போட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டீக்கடையில் கேட்டேன்.

'ஏம்பா, எம்மேல ஏதாவது கோபமா? நான் உன்ன ஒரு வார்த்த சொன்னதில்லையே.'

'இல்லண்ணா, நீங்க திட்டவே இல்ல.' கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பின்னாடி வந்து நின்னீங்கள்ல. அதாண்ணா.'

2

இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக லத்தீன் படித்து வருகிறேன். எதற்கு என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. சிலர் சுடோகு போடுகிறார்கள், நான் இதைச் செய்கிறேன். அந்த வாரம் என் பாடத்தில் வந்த சொல் மோன்ஸ். அகராதியில் அதன் உறவுக்காரச் சொற்களைப் பார்த்துக்கொண்டே போனேன்.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் பழைய வேர்களை மீட்டெடுக்கும் அறிஞர்கள் மோன்ஸை 'மென்' என்ற வேருக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வேருக்கு நீட்டிக்கொண்டிருப்பது, துருத்தி நிற்பது என்று பொருள். வெல்ஷ் மொழியில் மலையைக் குறிக்கும் சொல்லும், பிரெத்தோன் மொழியில் உள்ள மெனெஸும் இதே குடும்பம். லத்தீனுக்குள்ளேயே இன்னொரு பிள்ளை இருக்கிறது. மென்ட்டும். அதற்குப் பொருள் மோவாய், நம் பேச்சில் தாவாங்கட்டை. முகத்தில் துருத்திக்கொண்டிருப்பது மோவாய், நிலத்தில் துருத்திக்கொண்டிருப்பது மலை. அழகான ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பிள்ளை மினாய். கோட்டைச் சுவரின் உச்சியில் துருத்தி நிற்கும் பகுதிகளுக்கு அந்தப் பெயர் உண்டு. வெர்ஜில் தன் ஈனிடின் நான்காம் காண்டத்தில், கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன கார்த்தேஜ் நகரத்துச் சுவர்களைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லைப் போடுகிறார். ஆனால் மினாய்க்கு அன்றாட வழக்கில் இருந்த பொருள் வேறு: மிரட்டல். அதன் வினைச்சொல் மினாரி, மிரட்டுவது. ஆங்கிலத்தில் மெனஸ் என்கிறார்களே, அது இங்கிருந்து வந்ததுதான்.

எனக்கு அந்த இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. மலைக்கும் மிரட்டலுக்கும் ஒரே வேர். கோபமாகப் பேச வேண்டாம், கை ஓங்க வேண்டாம். மேலே துருத்திக்கொண்டு நின்றால் போதும், அதுவே மிரட்டல்தான் என்று அந்த மொழியைப் பேசியவர்கள் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார்கள். நான் அதைத் தெரிந்துகொள்ள ஒரு இருபத்து நாலு வயதுப் பையன் வேலையை விட வேண்டியிருந்தது.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. எமினேரெ, இம்மினேரெ. முன்னொட்டு மட்டும்தான் வேறு. எமினேரெ என்றால் ஒன்றிலிருந்து வெளியே எழுந்து நிற்பது. எமினன்ட் என்று சான்றோரைச் சொல்வது அதிலிருந்து. இம்மினேரெ என்றால் ஒன்றின் மேல் கவிந்து தொங்குவது. தலைக்கு மேல் வந்துவிட்ட ஆபத்தை இம்மினன்ட் என்பது அதிலிருந்து. ஏழாம் நூற்றாண்டில் செவீல் நகரத்து ஆயர் இசிதோர், சொற்களின் தோற்றம் பற்றி ஒரு கலைக்களஞ்சியம் எழுதினார். அதில் மலைகளை நிலத்தின் வீக்கங்கள் என்கிறார். எழுந்து நிற்பதால் அந்தப் பெயர் என்றும் சொல்கிறார். அவருடைய சொற்பிறப்புகளில் பாதிக்கு மேல் கற்பனை. இது மட்டும் குறி தப்பவில்லை. ஆனால் அவர் எமினேரெயோடு நிறுத்திக்கொண்டார், இம்மினேரெ பக்கம் போகவில்லை.

மினாரியின் பிற்காலக் கதை இன்னும் விசேஷமானது. பின்னாளைய லத்தீனில் அது மினாரெ ஆகி, மாடுகளை அதட்டி ஓட்டுவது என்ற பொருளுக்கு வந்தது. பிரெஞ்சில் அது மெனெ. பொருள், அழைத்துச் செல்வது, வழிநடத்துவது. அதிலிருந்து பிறந்ததுதான் உலாவப் போவதைக் குறிக்கும் ப்ரோமெனாட். மிரட்டல் மாடு ஓட்டலாகி, மாடு ஓட்டல் தலைமை தாங்கலாகி, கடைசியில் கடற்கரையில் காற்று வாங்குவதாக முடிந்திருக்கிறது. என் விசிட்டிங் கார்டில் 'லீட்' என்று போட்டிருக்கிறார்கள். அது வேறு வேர்ச்சொல்தான். இருந்தாலும் சிரிப்பு வந்தது.

3

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வேர்ச்சொல் தேடும் பித்து நம்மில் பலருக்கு உண்டு. ஒரு சொல்லின் வேரைப் பிடித்துவிட்டால் அந்தப் பொருளின் உண்மையையே பிடித்துவிட்டதாக ஒரு போதை வரும். மோன்ஸ் என்றால் மலை, மென்ஸ் என்றால் மனம். ஒலி கிட்டத்தட்ட ஒன்று. மனமே மலை, மலையே மனம் என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் அது பொய். மென்ஸின் வேர் நினைப்பதைக் குறிக்கும் வேறொரு 'மென்'. சமஸ்கிருத மனஸ் அதன் வழி வந்தது, நம் மனசும் அந்த மனஸிலிருந்து வந்ததுதான். ஆக, மனசு லத்தீன் மென்ஸுக்குச் சொந்தம், மோன்ஸுக்கு இல்லை. தமிழிலும் இந்தக் கண்ணி உண்டு. மலைதல் என்றால் பழந்தமிழில் எதிர்த்துப் போரிடுதல் என்று ஒரு பொருள். மலைத்தல் என்றால் திகைத்தல். மலையோடு முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது என்று சொல்லிக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வேர் சரியாகவே இருந்தாலும் அது தீர்ப்பு ஆகாது. சொல் பிறந்த இடம் வேறு, போய்ச் சேர்ந்த இடம் வேறு. எல்லா மலையும் மிரட்டல் என்று லத்தீன்காரர்கள் நினைத்தார்கள் என்று சொன்னால் அபத்தம். அவர்கள் அந்தச் சொல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்ப்பதுதான் நியாயம்.

ரோமை ஏழு குன்றுகளின் நகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். லத்தீனில் அந்த ஏழும் ஒரே சொல்லால் குறிக்கப்படவில்லை. பாலடைன், அவெண்டைன், சேலியன் போன்றவை மோன்ஸ். குவிரினலும் விமினலும் கொல்லிஸ், அதாவது குன்று. உயரமானது மோன்ஸ், குட்டையானது கொல்லிஸ் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. பாலடைன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர். குவிரினல் அதைவிட உயரம், சுமார் 60 மீட்டர். மேலே சொன்ன நம் பரங்கிமலை இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். டிசம்பர் 11ஆம் தேதி செப்டிமோன்ட்டியம் என்று ஒரு திருவிழா நடந்தது. அது ரோமானியர் எல்லோருக்குமான விழா அல்ல, மோன்ஸ்களில் குடியிருப்போருக்கு மட்டுமானது என்று வர்ரோ எழுதியிருக்கிறார். ஆக, ஒரு மேட்டை மோன்ஸ் ஆக்கியது அதன் உயரம் இல்லை. அதன் மேல் குடியிருந்தவர்கள் நகரத்தில் யார் என்ற கேள்வியும் அந்தப் பெயரோடு ஒட்டியிருந்தது.

அந்த பாலடைனில் அகஸ்டஸ் வீடு கட்டிக்கொண்டார். அடுத்தடுத்து வந்த பேரரசர்களும் அங்கேயே கட்டினார்கள். பாலடைனின் லத்தீன் பெயரான பலாட்டியும்தான் இன்று நாம் பேலஸ் என்று சொல்வது. ஐம்பது மீட்டர் மேடு ஒன்று, அதில் இருந்தவர்களின் பலத்தால் உலகத்து அரண்மனைகளுக்கெல்லாம் பெயர் கொடுத்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமாக வேலியா என்ற மேட்டின் கதை. செப்டிமோன்ட்டியம் விழாவில் பங்கெடுத்த மோன்ஸ்களில் அதுவும் ஒன்று. கொலோசியத்துக்கும் பியாட்சா வெனிசியாவுக்கும் நடுவே நேரான அணிவகுப்புச் சாலை வேண்டும் என்று முசோலினி விரும்பினார். வேலியா குறுக்கே இருந்தது. வெட்டி எடுத்துவிட்டார்கள். 1932 அக்டோபரில் சாலை திறக்கப்பட்டது. மேலே நிற்க விரும்புகிறவனுக்கு ஏற்கனவே நின்றுகொண்டிருக்கும் சின்ன மேடுகூடத் தொந்தரவுதான் போலிருக்கிறது.

4

ஆனால் மோன்ஸ் எப்போதும் மேலே இருப்பவர்களின் சொத்தாக இருந்ததில்லை. ரோமானிய வரலாற்றின் மிக அதிசயமான மலை ஒன்று நகரத்துக்கு வெளியே, ஆனியோ ஆற்றுக்கு அப்பால், மூன்று ரோமானிய மைல் தூரத்தில் இருந்தது. மோன்ஸ் சாக்கெர், புனித மலை. மலை என்பதே மரியாதைக்குத்தான், சின்ன மேடு.

மரபுக் கணக்குப்படி கி.மு. 494. பிளெப்ஸ் எனப்பட்ட சாமானியர்கள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். கடனைத் திருப்ப முடியாதவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமைபோல் உழைக்க வேண்டும். அதே ஆட்களைத்தான் போருக்கும் கூப்பிட்டார்கள். ஒருநாள் அவர்கள் கிளம்பி அந்த மேட்டுக்குப் போய்விட்டார்கள். லிவி எழுதுவதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். அகழி வெட்டி, கரை போட்டு முகாம் அமைத்தார்கள். யாரையும் தாக்கவில்லை, சாப்பாட்டுக்குத் தேவையானதற்கு மேல் எதையும் எடுக்கவில்லை. சும்மா இருந்தார்கள். நகரம் நடுங்கிப்போனது.

சமாதானம் பேச மெனேனியஸ் அக்ரிப்பா என்பவரை செனட் அனுப்பியது. அவர் சொன்ன கதை பிரசித்தம். வயிறு மட்டும் சும்மா உட்கார்ந்து தின்கிறது என்று கையும் வாயும் பல்லும் வேலைநிறுத்தம் செய்ததாம். உடம்பே வாடிப்போனதாம். வயிறும் தன் பங்குக்கு எல்லோருக்கும் ஊட்டுகிறது என்று அப்போதுதான் புரிந்ததாம். நான் சின்ன வயசில் இதைக் கேட்டபோது ஒற்றுமையைப் பற்றிய கதை என்று நினைத்தேன். இப்போது படித்தால், அவன் பின்னால் நின்றது அவன் நல்லதுக்குத்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டது நினைவுக்கு வருகிறது. மேலே இருப்பவர்களிடம் எப்போதும் ஒரு நல்ல கதை இருக்கும்.

கதை மட்டும் போதவில்லை என்பதுதான் முக்கியம். சாமானியர்களுக்கென்று, அவர்களே தேர்ந்தெடுக்கும் ட்ரிப்யூன்கள் என்ற பதவி அன்று உருவானது. அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டமும் வந்தது. கவிந்து நிற்கும் உயரத்துக்கு எதிராகக் கீழே இருப்பவர்கள் கண்டுபிடித்த வழி, தங்களுக்கென ஒரு மேட்டுக்கு விலகிப் போவது. பேப்பர் போடுவதும் அதுதான். என்ன வித்தியாசம் என்றால், அந்தப் பையன் தனியாகப் போனான். எந்த செனட்டும் அவன் பின்னால் ஆள் அனுப்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவன் இடத்தில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான்.

5

கடனிலிருந்து தொடங்கிய அந்தப் புனித மலைக்குப் பிறகு, ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷம் கழித்து, கடனும் மலையும் இத்தாலியில் மறுபடியும் சந்தித்துக்கொண்டன.

லத்தீனிலேயே மோன்ஸுக்குக் குவியல் என்றும் பொருள் உண்டு. இத்தாலிய மொழியில் மோன்ட்டே என்ற சொல் பணக் குவியலுக்கு, பொது நிதிக்குப் பெயரானது. 1345 வாக்கில் ஃப்ளோரன்ஸ் நகரம், குடிமக்களிடம் கட்டாயமாக வாங்கிய கடன்களையெல்லாம் ஒரே நிதியாகத் திரட்டியபோது அதற்கு மோன்ட்டே என்றே பெயர். 1425இல் பெண்களின் சீதனத்துக்குப் பணம் சேர்க்க ஒரு மோன்ட்டே வந்தது. நாம் தினமும் சொல்லும் அமௌன்ட்கூட மோன்ஸின் பேரப்பிள்ளைதான். மலையை நோக்கி, மேல்நோக்கி என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. சின்னச் சின்ன எண்கள் ஏறி ஏறிப் போய்ச் சேரும் உச்சி.

1462இல் பெரூஜியா நகரத்தில் ஃபிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியில் ஒரு மோன்ட்டே தொடங்கியது. மோன்ட்டே டி பியெத்தா, இரக்கத்தின் மலை. சுருக்கமாகச் சொன்னால் அடகுக் கடை. ஏழை தன் பொருளை வைத்துக் கொஞ்சம் பணம் வாங்கலாம். செலவுக்கு மட்டும் சிறு வட்டி. வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எனவே பெரிய சண்டை எழுந்தது. வட்டி சின்னது என்றால் பாவமும் சின்னதா? டொமினிக்கன் துறவிகள் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் 1515இல், ஐந்தாம் லாத்தரன் சங்கத்தில், பத்தாம் லியோ என்ற போப் அது பாவமில்லை என்று தீர்த்துவைத்தார்.

துருத்தி நிற்பது என்று பிறந்த சொல், பலர் சேர்ந்து குவிப்பது என்றாகி, இல்லாதவனுக்கு உதவுவது என்று வந்து நின்றுவிட்டது, வேரை மீறிவிட்டது என்று முடித்துவிட ஆசையாக இருக்கிறது. முடியவில்லை. அந்த இரக்கத்தின் மலைகளுக்காக ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர்களில் முக்கியமானவர் பெர்னார்தினோ தா ஃபெல்த்ரே. அவருடைய பேச்சில் பாதி ஏழைகளுக்கான இரக்கம், மீதி யூதர்கள் மேல் வெறுப்பு. அதுவரை அங்கே அடகுக்குக் கடன் கொடுத்துவந்தவர்களில் யூதர்கள் அதிகம். வேறு தொழில்கள் பலவற்றில் அவர்களை விடவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். மோன்ட்டே வேண்டும் என்ற குரலோடு யூதர்களைத் துரத்து என்ற குரலும் சேர்ந்தே வந்தது. இரக்கத்தின் மலையும் யார் மேலோ கவிந்துகொண்டுதான் எழுந்தது.

எனக்கு அடகுக் கடை தெரியும். காலேஜ் மூன்றாம் வருஷ ஃபீஸுக்கு அம்மாவின் செயினை வைக்கக் கூடப் போனேன். அந்தக் கடையில் அவர் உட்கார்ந்திருந்த மேடை உயரம். அம்மா குள்ளம். மோவாயை நிமிர்த்தினால்தான் அவர் முகம் தெரியும். அவர் நல்ல மனுஷர். குரலை உயர்த்தியதே இல்லை. 'எவ்ளோம்மா வேணும்?' என்று கேட்டுவிட்டுச் செயினை உரசிப் பார்ப்பார், தராசில் போடுவார், பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமல் இருக்கிற நேரத்தில் அம்மா தானாகவே பேச ஆரம்பித்துவிடுவாள். பையன் படிக்கிறான், ஆடி போகட்டும் மீட்டுவிடுவேன், போன தடவைகூட வட்டி பாக்கி வைக்கவில்லை. யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏன் இவள் இப்படிக் கெஞ்சுகிறாள், அவர் ஒன்றுமே சொல்லவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வீட்டுக்கு வந்து ஒருநாள் கேட்டேவிட்டேன். 'அவர் சும்மாதானம்மா இருந்தார். நீ எதுக்கு அவ்ளோ பேசின?'

'உனக்கு என்னடா தெரியும், கீழ நின்னு பாரு' என்றாள்.

நான் கீழேதான் நின்றிருந்தேன். அப்போதே பார்த்ததுதான். பிறகு எப்படி மறந்தேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இருபது நிமிஷம் ஒருவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று உண்மையாகவே நினைத்தேன். அந்தக் கடைக்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

6

நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டார்: 'அப்ப யாருமே மேல வரக் கூடாதா? வாத்தியார் உசரமா நிக்கக் கூடாதா? ஆபரேஷன் பண்ற டாக்டர் பேஷன்ட்டுக்கு மேலதான குனியணும்?' நியாயமான கேள்வி. எல்லோரையும் ஒரே மட்டத்துக்கு வெட்டிச் சமன் செய்ய வேண்டும் என்றால் வேலியாவை வெட்டியவர்கள்கூட அதைத்தான் செய்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் மறுபடியும் அந்த இரண்டு முன்னொட்டுகளுக்கே வருகிறேன். எமினேரெ, தன் தரையிலிருந்து எழுவது. இம்மினேரெ, அடுத்தவர் மேல் கவிவது. முதலாவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அம்மா செயினை வைத்ததே அதற்காகத்தான். பையன் எழ வேண்டும். இரண்டாவதுதான் பிரச்சினை. ஆனால் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உச்சியில் நிற்பவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கிருந்து பார்த்தால் அவன் எழுந்து மட்டும்தான் நிற்கிறான். கவிந்திருக்கிறானா என்பது கீழே இருப்பவனுக்குத்தான் தெரியும். ஒரே பாறை, ஒரே உயரம்; எந்த முன்னொட்டு பொருந்தும் என்று சொல்லும் இடம் கீழே இருக்கிறது. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று என்னைப் பற்றி நானே கொடுக்கும் சான்றிதழுக்கு இதில் ஒரு மதிப்பும் இல்லை. டாக்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நல்ல டாக்டர் குனிவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் குனிகிறார்.

மூத்த பிளினி தன் இயற்கை வரலாற்றில் இந்தியாவில் உள்ள ஒரு மலையைச் சொல்கிறார். பெயர் மோன்ஸ் மலேயுஸ். அந்தப் பெயருக்குள் இருப்பது நம் மலைதான் என்று கருதுவோர் உண்டு. அது எந்த மலை என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. மலைதான் என்றால், மோன்ஸ் மலேயுஸ் என்பது மலை மலை. யாரோ ஒரு பயணி 'இது என்ன?' என்று கேட்டிருக்க வேண்டும், யாரோ ஒருவர் 'மலை' என்றிருக்க வேண்டும். சிசிலியில் எட்னா எரிமலைக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு, மோஞ்சிபெல்லோ. லத்தீன் மோன்ஸும் அரபு ஜபலும் சேர்ந்தது. அதுவும் மலை மலைதான்.

பிளினிக்கு அந்த இந்திய மலை அதிசயமாகப் பட்டதற்குக் காரணம் பெயரில்லை, நிழல். அங்கே குளிர்காலத்தில் நிழல் வடக்கே விழுகிறது, கோடையில் தெற்கே விழுகிறது, ஆறு ஆறு மாதம் என்று எழுதுகிறார். ரோம் வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கில்தான் நிற்கும், நிழல் என்றைக்கும் வடக்கேதான் விழும். ஒரு மலைக்கு வடக்கே குடியிருந்தால் நிழல் நிரந்தரம். அதுதான் உலக வழக்கம் என்று நினைத்திருந்த ஒருவருக்கு நிழல் பக்கம் மாறும் என்பது நம்ப முடியாத செய்தி. ஆறு ஆறு மாதம் என்ற கணக்கு பூமத்திய ரேகைக்குத்தான் சரியாகப் பொருந்தும். மதுரைப் பக்கம் எடுத்துக்கொண்டால் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுவரை நண்பகல் நிழல் தெற்கே சாயும், மற்ற நாளெல்லாம் வடக்கே. நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அவரைப் போல இவ்வளவு கவனமாக மலைகளைப் பற்றிக் கேட்டு எழுதியவர் உலகத்தில் குறைவு. கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது, கப்பல்களோடு அதன் பக்கம் போய்த்தான் அவர் இறந்தார்.

அந்த நிழலைப் பற்றித்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். ஒரு காலத்தில் நான் நிழல் விழுந்த பக்கம் நின்றேன். பிறகு சூரியன் நகர்ந்துவிட்டது. எனக்கு வெளிச்சம் வந்ததும் நிழலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அது என் காலடியிலிருந்து இன்னொரு பக்கம் நீண்டு கிடந்தது.

இப்போது ரிலீஸ் இரவுகளில் யாராவது தப்பு செய்துவிட்டால், பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். வாயைத் திறந்து ஏதாவது பேசுகிறேன். 'பேக்கப் இருக்குல்ல, பொறுமையாப் பண்ணு, எனக்கும் இப்படி ஆயிருக்கு.' நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மலை தரையாகிவிடாது என்று எனக்குத் தெரியும். அப்ரைசல் போடுகிறவன் நான்தான் என்பது அவர்களுக்கும் தெரியும். மேடையைவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தாலும் அடகுச் சீட்டு அவர் கையில்தானே இருக்கும்.

அந்தப் பையனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பல தடவை எழுதி அழித்து, கடைசியில் மூன்று வரி. அன்றைக்கு அப்படி நின்றது தப்பு, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மன்னித்துவிடு. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

'பரவால்லண்ணா.'

உண்மையிலேயே பரவாயில்லை என்கிறானா, இல்லை, என்னிடம் வேறெதுவும் சொல்ல முடியாது என்பதால் அப்படிச் சொல்கிறானா? எத்தனை தடவை படித்தாலும் இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை.